1002: ஒரு கார்டு மாத்துற கதை

இன்னைக்கு ஒரு நம்பர்ல ஆரம்பிக்கலாம்: 1002. லினக்ஸ் கம்ப்யூட்டர்ல ஏஎம்டி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தா, எல்எஸ்பிசிஐ -nn கமாண்ட் அடிச்சுப் பாருங்க. கார்டைத் தயாரிச்சவர் யாருன்னு காட்டுற இடத்துல இந்த நம்பர் இருக்கும். உண்மையில இது ஏஎம்டியோட நம்பரே இல்ல. 1985ல கனடாவுல தொடங்கின ஏடிஐ கம்பெனியோடது. 2006ல ஏஎம்டி அதை வாங்கிடுச்சு. பேரு போயிடுச்சு, நம்பர் மட்டும் தங்கிடுச்சு.

கார்டை ஓட்டுறது டிரைவர். அதை யார் எழுதுறாங்க, யார் திறந்து பார்க்க முடியும்ங்கிறதுலதான் மொத்தச் சண்டையும். 2000கள்ல லினக்ஸ்காரங்க கிட்ட எந்த கார்டு வாங்கலாம்னு கேட்டா, பெரும்பாலும் என்விடியான்னுதான் சொல்வாங்க. மூடின டிரைவர்தான், ஆனா ஓடும். ஏடிஐயோட எஃப்ஜிஎல்ஆர்எக்ஸும் மூடினதுதான். புது கர்னல் வந்தா அது மக்கர் பண்ணும்.

2007 செப்டம்பர்ல ஏஎம்டி ஒரு முடிவு எடுத்துச்சு: கார்டு உள்ள எப்படி வேலை செய்யுதுங்கிற ஆவணங்களை வெளியில கொடுக்குறோம்னு அறிவிச்சாங்க. ராத்திரியோட ராத்திரியா எதுவும் மாறல. ஏஎம்டிஜிபியு டிரைவர் கர்னல் 4.2ல வந்தப்போ வருஷம் 2015. அதுக்கு மேல உக்கார்ந்து படம் வரையுற மெசா, பிரையன் பால் 1993ல ஆரம்பிச்சது.

என்விடியா பக்கம் வேற கதை. ஆவணம் இல்லாததால, கார்டுக்கு என்ன கட்டளை போகுதுன்னு ஒட்டுக்கேட்டு ஒட்டுக்கேட்டே 'நூவோ'ங்கிற டிரைவரை வெளியாட்கள் எழுதினாங்க. 2010ல கர்னலுக்குள்ள வந்துச்சு. அப்புறம் வந்த கார்டுகள்ல, கம்பெனி கையெழுத்துப் போட்ட ஃபர்ம்வேர் இல்லாம வேகத்தைக் கூட்ட முடியாதுன்னு ஆச்சு. கார்டு ஓடும், நடைவேகத்துல. 2012ல ஃபின்லாந்து ஆல்டோ பல்கலைக்கழகத்துல லினஸ் டோர்வால்ட்ஸ் கேமராவைப் பார்த்து நடுவிரலைக் காட்டினதுக்குப் பின்னாடி என்விடியா ஒத்துழைக்கலங்கிற கோபம்தான். 2022 மே மாசம் என்விடியா கர்னல் பகுதியை மட்டும் திறந்துச்சு, அதுவும் டூரிங் தலைமுறையிலேர்ந்து.

பொன்மலைல இருக்கவங்களுக்கு இது புரியும். நீலகிரி மலை ரயிலோட எக்ஸ் கிளாஸ் இன்ஜின் சுவிட்சர்லாந்துல பிறந்தது. அதை நிலக்கரிலேர்ந்து ஆயிலுக்கு மாத்தினது நம்ம ஒர்க்‌ஷாப். அதே வகை இன்ஜினைப் புதுசாவே செஞ்சும் கொடுத்திருக்காங்க. பாய்லருக்கு யாரும் டிஜிட்டல் பூட்டுப் போடல, அவ்வளவுதான்.

இங்க காலனில ஒரு தம்பி கேட்டான்: "அண்ணே, என்விடியாவைக் கழட்டி ஏஎம்டி போட்டா உபுண்டுவைத் திரும்ப இன்ஸ்டால் பண்ணணுமா?" வேணாம்டா. முதல்ல சிஸ்டத்தை அப்டேட் பண்ணு. புது கார்டுக்குப் புது கர்னலும் மெசாவும் ஃபர்ம்வேரும் வேணும். பழைய கார்டு இருக்கும்போதே என்விடியா பேக்கேஜ்களை பர்ஜ் பண்ணு. என்விடியான்னு எழுதின பழைய எக்ஸ்ஆர்க் கான்ஃபிக் ஃபைல் கிடந்தா தூக்கிடு, இல்லன்னா கருப்புத் திரைதான். இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பி. ஆஃப் பண்ணி பிளக்கைப் பிடுங்கு, கார்டை மாத்து, மானிட்டர் கேபிளைப் புது கார்டுலயே சொருகு. கர்னல் 1002ஐப் பார்த்ததும் டிரைவரைத் தானே எடுத்துக்கும்.

கேம் மட்டும்னா கதை இங்கயே முடிஞ்சது. ஆனா அவன் காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கு மாடல் ட்ரெயின் பண்றவன், கோடு முழுக்க கூடால இருக்கு. 2007ல வந்த அந்த கூடா, என்விடியா கார்டுல மட்டும்தான் ஓடும். ஏஎம்டியோட ஆர்ஓசிஎம் இருக்கு. அதிகாரபூர்வமா ஆதரிக்கிற கார்டு லிஸ்ட் சின்னது. வாங்கப்போற மாடல் அதுல இருக்கான்னு பாருன்னு சொன்னேன். போன்ல தேடிட்டே நடந்து போனான்.