ஜிக்சா பசில் போட்டால் மனசு லேசாகுமா? உண்மையில் நடப்பது என்ன?

இரவு 11 மணி. லேப்டாப்பை மூடியாச்சு, தூக்கம்தான் வரவில்லை. மதியம் மீட்டிங்கில் கேட்ட ஒரு சொல், போன வருஷம் முறிந்த உறவு, ஊரில் அப்பாவின் உடல்நிலை என்று ஒன்றை விட்டால் இன்னொன்று மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. போனை எடுத்தால் ரீல்ஸ், கீழே வைத்தால் மறுபடியும் அதே ஓட்டம். சிலருக்கு இது ஒரு வாரத்தில் அடங்கிவிடும். சிலருக்கு வருடக்கணக்கில் நீளும்.

இப்படிப்பட்ட இரவுகளுக்காகவே ஜிக்சா பசில் வாங்கி வைத்திருப்பவர்கள் உண்டு. 500 அல்லது 1,000 அட்டைத் துண்டுகள், பெட்டி மூடியில் ஒரு படம், அவ்வளவுதான். "இது சின்னப் பசங்க விளையாட்டுப்பா" என்று சிரிப்பவர்களும் இருக்கிறார்கள், "இதுதான் எனக்கு தெரபி" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேச்சையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

கஷ்ட காலத்தில் மக்கள் இதைத் தேடிப் போவது புதிதல்ல. 1760களில் லண்டனைச் சேர்ந்த ஜான் ஸ்பில்ஸ்பரி, பிள்ளைகளுக்குப் புவியியல் கற்றுத்தர வரைபடங்களை மரப்பலகையில் ஒட்டி நாடு நாடாக அறுத்து விற்றார். அது பெரியவர்களின் பைத்தியமாக மாறியது 1930களின் பொருளாதார வீழ்ச்சியில். வேலையும் சேமிப்பும் போன அமெரிக்காவில், 1933 தொடக்கத்தில் வாரத்துக்கு 1 கோடி பசில்கள் வரை விற்றன. அந்தக் காலத்துக்குப் பெயரே 'டிப்ரஷன்' என்பது தற்செயல்தான். 2020 ஊரடங்கிலும் பல நாடுகளில் பசில்களுக்குத் தட்டுப்பாடு வந்தது.

மூளைக்குள் என்ன நடக்கிறது?

நீண்ட நாள் மனத்துயரத்தில் வலியைவிட அதிகமாக வாட்டுவது, அதையே திரும்பத் திரும்ப அசை போடும் பழக்கம். 'ஏன் எனக்கு மட்டும்?', 'அன்னைக்கு அப்படிப் பேசாம இருந்திருந்தா?' என்ற கேள்விகள் யோசனை மாதிரி தோன்றும். எந்த முடிவுக்கும் வராது. இந்தப் பழக்கம் மனச்சோர்வை நீட்டிக்கிறது என்பதை அமெரிக்க உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்செமா விரிவாக ஆராய்ந்து காட்டினார்.

"அதை நினைக்காதே" என்றால் மனசு கேட்காது. ஆனால் நம் செயல்நினைவில் இடம் குறைவு. ஒரு துண்டின் வளைவையும் நிறத்தையும் மனதில் பிடித்துக்கொண்டு அது பொருந்தும் இடத்தைத் தேடும்போது, பழைய காட்சிகள் ஓடுவதற்கான இடம் சுருங்குகிறது. இதையொட்டிய ஒரு சோதனை 2017-ல் வெளியானது. வாகன விபத்தில் சிக்கி ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவமனைக்கு வந்த 71 பேரில் ஒரு பகுதியினரை, விபத்தைச் சற்று நினைவுபடுத்திவிட்டு, டெட்ரிஸ் கேம் ஆட வைத்தார்கள். அடுத்த ஒரு வாரத்தில் விபத்துக் காட்சிகள் தாமாக மனதில் பாய்வது அவர்களுக்குக் குறைவாக இருந்தது. கவனிக்க: அது டெட்ரிஸ், ஜிக்சா அல்ல. காயமும் அன்று பட்டது, பல வருடப் பழையது அல்ல.

'மூளை கூர்மையாகும்' என்ற விளம்பரப் பேச்சையும் பார்த்துவிடலாம். ஜெர்மனியின் உல்ம் நகரில் 50 வயதைக் கடந்த 100 பேரை வைத்து நடந்த ஆய்வில், 30 நாள், தினம் ஒரு மணி நேரம் பசில் போட்டவர்களின் அறிவுத்திறன் குறிப்பிடும்படி உயரவில்லை.

கோவாவில் கிடைத்த துப்பு

எனக்கு இதைவிட முக்கியமாகப்படுவது நம் நாட்டில் நடந்த ஒரு ஆய்வு. 'மனசு சரியானதும் எல்லாம் செய்யலாம்' என்று காத்திருப்பது மனச்சோர்வின் இயல்பு. சின்னதாக ஒன்றைச் செய்ய ஆரம்பித்தால் மனசு பின்னாலேயே அசையும் என்பது 'செயல்வழித் தூண்டல்' என்ற சிகிச்சையின் அடிப்படை. கோவாவின் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில், கடும் மனச்சோர்வில் இருந்த 495 பேரிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். இன்னொரு பிரிவினருக்கு அதோடு 6 முதல் 8 அமர்வுகள். அவற்றை நடத்தியவர்கள் மனநல மருத்துவர்கள் அல்ல, பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்கள். 3 மாதம் கழித்து அமர்வுகள் கிடைத்தவர்களில் 64% பேர் மனச்சோர்விலிருந்து மீண்டிருந்தார்கள். மற்ற பிரிவில் 39%.

அங்கே யாருக்கும் பசில் கொடுக்கவில்லை. ஆனால் பசிலின் குணமும் இதுதான்: வேலை சிறிது, முடிந்தது கண்ணுக்குத் தெரியும். ஆபீஸில் ஒரு நாள் முழுக்க உழைத்தும் எதுவும் முடிந்த மாதிரி தோன்றாதவர்களுக்கு ஒரு துண்டு 'டக்'கென்று உட்காருவது சின்ன விஷயமில்லை.

இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. கவனம் நிற்காமல் போவது மனச்சோர்வின் அறிகுறிகளில் ஒன்று. அந்த நிலையில் பாதி வானமும் பாதி கடலுமாக 1,000 துண்டு வாங்கினால், "இதுகூட என்னால முடியல" என்ற இன்னொரு குற்றவுணர்வுதான் மிஞ்சும். 300 துண்டு, பல நிறங்கள், கட்டடமோ கடைவீதியோ உள்ள படம் போதும். மேசை இல்லாத பிஜி அறை என்றால் ஒரு தடித்த அட்டையின் மேல் அடுக்கி, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். தரையில் விட்டால் மறுநாள் பெருக்கும்போது பாதி போய்விடும்.

எப்போது இது ஒளிந்துகொள்ளும் இடமாகிறது?

முக்கால் மணி நேரம் போட்டுவிட்டுப் படுத்தால் தூக்கம் வருகிறது, காலையில் அம்மாவுக்கு போன் பண்ணத் தோன்றுகிறது என்றால் அது உதவுகிறது. நண்பர்களின் அழைப்பை எடுக்காமல், சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு, அதிகாலை 3 மணி வரை துண்டு தேடினால் அது வேறு. ரீல்ஸின் இடத்துக்கு அட்டை வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் மனம் சோர்ந்தே இருந்து, தூக்கம், பசி, வேலை எல்லாம் பாதிக்கப்பட்டால் மருத்துவரையோ ஆலோசகரையோ பார்க்க வேண்டிய நேரம். 2 வருடத்துக்கு மேல் தாழ்ந்த மனநிலை தொடர்வதற்கு மருத்துவத்தில் தனிப் பெயரே உண்டு: தொடர் மனச்சோர்வு. "நான் எப்பவும் இப்படித்தான்" என்று பலரும் இதைத் தங்கள் சுபாவமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். இந்தியாவில் மனநலப் பிரச்னை உள்ளவர்களில், பிரச்னையைப் பொறுத்து 70 முதல் 92% வரை சிகிச்சை பெறுவதில்லை என்றது 2015-16 தேசிய மனநல ஆய்வு.

மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் காத்திருக்காமல் உடனே அழைக்கலாம். முதல் தடவை எல்லாவற்றையும் கோர்வையாகச் சொல்ல வேண்டியதில்லை. தூக்கம் எப்படி, பசி எப்படி, எத்தனை நாளாக இப்படி என்பதைச் சொன்னாலே போதும், மீதியை அவர்கள் கேட்பார்கள்.