நட்சத்திர வானம்

ஸ்லைடு தயாரித்து, சாயம் ஏற்றி, டாக்டர் மேஜையில் வைப்பது என் வேலை. 1984-இல் ஒரு நாள் டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "இதைப் பாருங்க" என்றார். மைக்ராஸ்கோப்பில் கருநீலமாக நெருக்கியடித்த செல்கள், நடுநடுவே வெளிறிய புள்ளிகள். "நட்சத்திர வானம்னு சொல்வாங்க. பர்கிட் லிம்போமா." அழகாக இருக்கிறதே என்று நினைத்துவிட்டேன். அது 6 வயதுப் பையனின் தாடைக் கட்டி. அவன் அம்மா வெளியே பெஞ்சில் காத்திருந்தார்.

அந்தப் பெயருக்குரிய டெனிஸ் பர்கிட் அயர்லாந்துக்காரர், அறுவை மருத்துவர். 11 வயதில் ஒரு கண்ணை இழந்தவர். 1957-இல் உகாண்டாவின் கம்பாலாவில் தாடை வீங்கிய சிறுவனைப் பார்த்தார். சில வாரங்களில் ஜிஞ்சாவில் இன்னொரு குழந்தை, அதே வீக்கம். மனிதர் விடவில்லை. 1961-இல் நண்பர்கள் இருவருடன் பழைய ஃபோர்டு வண்டியில் 10,000 மைல் சுற்றி, மருத்துவமனை மருத்துவமனையாக விசாரித்தார். வெப்பமும் மழையும் உள்ள, மலேரியா பரவும் இடங்களில்தான் இந்த நோய் இருந்தது. அவர் அனுப்பிய கட்டித் துண்டுகளில்தான் லண்டனில் எப்ஸ்டீன் குழு 1964-இல் ஒரு புது வைரஸைக் கண்டது.

ஆனால் செல்லுக்குள் என்ன நடக்கிறது என்பது 1982-இல்தான் பிடிபட்டது. அமெரிக்காவில் லெடர், குரோச்சே ஆகியோரின் குழுக்கள் கண்டவை இவை. 8-ஆம் குரோமோசோம் உடைந்து, அதிலுள்ள மிக் என்ற மரபணு 14-ஆம் குரோமோசோமில் போய் ஒட்டிக்கொள்கிறது. (கோழிகளுக்கு ரத்தப் புற்று தரும் வைரஸிலிருந்து வந்த பெயர்.) மிக் உண்டாக்கும் புரதம் டிஎன்ஏ மேல் உட்கார்ந்து மற்ற மரபணுக்களை முடுக்கிவிடும் மேஸ்திரி. வளர வேண்டிய நேரத்தில் வந்து, வேலை முடிந்ததும் போய்விட வேண்டும். ஆனால் புது இடத்துக்குப் பக்கத்தில் இருப்பது எதிர்ப்புப் புரதம் செய்யும் மரபணு. அந்த வகை ரத்த அணுவில் அதன் சுவிட்ச் எப்போதும் போட்டபடியே இருக்கும். மேஸ்திரிக்கு ஓய்வே இல்லை, செல் பிரிந்துகொண்டே போகிறது.

இன்னொன்று, எனக்குப் பல வருடம் கழித்தே தெரிந்தது. மிக் அளவு மீறினால் செல்கள் சாகவும் செய்யும். செத்தவற்றைத் தின்று தீர்க்கும் துப்புரவு செல்கள்தாம் நான் ரசித்த அந்த நட்சத்திரங்கள்.

மருந்து இல்லாமல் இல்லை. சைக்ளோபாஸ்பமைடு ஊசியில் கட்டி கரைந்து பிழைத்த குழந்தைகளை பர்கிட்டே 1960-களில் பார்த்திருக்கிறார். அன்று இதெல்லாம் எனக்குத் தெரியாது. "ரிசல்ட் வந்துருச்சாண்ணே?" என்று அந்த அம்மா கேட்டபோது, "டாக்டர் சொல்லுவாரும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். பையனை மெட்ராஸுக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அவன் பெயரில் ஸ்லைடு எதுவும் என் மேஜைக்கு வரவில்லை.