நுரைச்சோலையில் நடைவழித் திட்டமிடல்

நுரைச்சோலை, புத்தளம் மாவட்டத்தின் கற்பிட்டித் தீபகற்பத்தில், மேற்கே இந்தியப் பெருங்கடலுக்கும் கிழக்கே புத்தளம் களப்புக்கும் இடைப்பட்ட ஊர். (அம்பாறை மாவட்டத்தில் அக்கரைப்பற்றை அண்டியுள்ள நுரைச்சோலை வேறு.) பாலாவியில் பிரிந்து கற்பிட்டிக்குச் செல்லும் வீதியே தீபகற்பத்தின் நெடுக்குப் போக்குவரத்தைச் சுமக்கிறது. மரக்கறி லொறிகளும் சுற்றுலா வேன்களும் தலவில புனித அன்னம்மாள் திருவிழாவுக்குப் போகிறவர்களின் வாகனங்களும் அதில்தான் ஓடுகின்றன. 2011இல் இயங்கத் தொடங்கி, 2014இல் 900 மெகாவாட் திறனை எட்டிய லக்விஜய அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி கடல்வழியே வந்துவிடும். அதன் சாம்பல் சீமெந்து ஆலைக்குப் போவது லொறியில். இத்தகைய ஊரில் நடப்போரின் பாதுகாப்பு என்றதும் பெருவீதியோரம் நடைபாதை கட்டுவதே முதலில் நினைவுக்கு வரும். அது தேவைதான். ஆனால் அந்த வீதிக்கு வராமலே நடக்க வழி செய்வது அதைவிட முக்கியம்.

காணிகள் பெருவீதியைப் பார்த்துப் பிரிக்கப்படும் ஊரில் ஒழுங்கைகள் சீப்பின் பற்கள்போல நிற்கும், ஒன்றோடொன்று தொடாது. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் புத்தளம், கற்பிட்டிப் பக்கம் குடியேறினர். அவசரத்தில் எழும் குடியிருப்புக்கு வாசல் ஒன்று கிடைத்தாலே போதும். பக்கத்துக் குடியிருப்புக்கு வழி வைக்க யாருக்கும் அவகாசம் இருக்காது. விளைவு, வேலிக்கு அப்பால் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போக, பிள்ளை பெருவீதிக்கு இறங்கி, லொறிகளின் ஓரமாக நடந்து, அடுத்த ஒழுங்கையில் ஏற வேண்டும். இலங்கையில் குடியிருப்புப் பகுதிக்கான வேக எல்லை மணிக்கு 50 கிலோமீற்றர். கார் 50இலிருந்து 65க்கு ஏறினால், மோதுண்ட பாதசாரி இறக்கும் அபாயம் 4.5 மடங்காகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நடைபாதையின் கல் வேகத்தைக் குறைக்காது. அந்த வீதியோரம் நடக்க வேண்டிய தூரத்தைக் குறைப்பதே பலன் தரும்.

எல்லோரிடமும் மோட்டார் சைக்கிள் இருக்கிறதே, யார் நடக்கிறார்கள் என்று கேட்கலாம். பிள்ளைகளும் முதியோரும் பஸ் ஏறுவோரும் நடக்கிறார்கள்; வண்டியை வீட்டு ஆண் கொண்டுபோய்விட்டால் பெண்ணும் நடக்கிறாள். காணி கிடைக்காது என்பது வலுவான தடை. மணல் தரையில் கிணற்று நீர் பாய்ச்சி வெங்காயமும் மிளகாயும் விளைவிப்பவர் ஒரு பாத்தியையும் இலகுவில் விடமாட்டார். ஆனால் தேவைப்படுவது இரண்டு பேர் ஒதுங்கி நடக்கும் அகலம்தான். அதுவும் புதிதாக வெட்ட வேண்டியதில்லை. வேலி இடுக்கில் ஏற்கெனவே நடந்து பழகிய தடங்களைப் பதிவுசெய்தாலே பாதி வேலை முடியும். இங்கிலாந்தில் 1949ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளூர் ஆட்சிகளிடம் கேட்டது இதைத்தான்: பழைய நடைவழிகளை அளந்து வரைபடத்தில் ஏற்றுவது. இங்கே பெருவீதி வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும் ஒழுங்கைகள் பிரதேச சபையிடமும் இருப்பதால், இந்த வேலையைக் கற்பிட்டிப் பிரதேச சபையே தொடங்கலாம்.

இருட்டுத்தான் இன்னும் கடினமான கேள்வி. தோட்டத்துக்குப் பின்னால் ஆளில்லாமல் கிடக்கும் குறுக்குவழியில், மாலை வகுப்பு முடிந்து வரும் பெண்பிள்ளை லொறிக்கு அல்ல, வேறொன்றுக்குப் பயப்படுவாள். ஆகவே குறைந்த தூரமுள்ள தடத்தைவிட, வீட்டு வாசல்களையும் கடைகளையும் பள்ளிவாசலையும் தொட்டுச் செல்லும் தடத்தையே தெரிவுசெய்ய வேண்டும், சற்றுச் சுற்றானாலும். எப்படியும் பெருவீதியைக் கடக்கத்தான் வேண்டும். மஞ்சள் கடவையும் பஸ் தரிப்பிடமும் வர வேண்டியது இரு பக்க ஒழுங்கைகளும் எதிரெதிராகச் சந்திக்கும் இடத்தில்.