குளோப்மேலோ: பாலைநிலத் துத்தியும் அதன் விதைச் சேகரிப்பும்

குளோப்மேலோ, வட அமெரிக்காவின் மேற்குப் பாலைநிலங்களில் தானாக முளைத்துப் பல ஆண்டுகள் வாழும் செடி. தாவரவியலார் இதை ஸ்பெரால்சியா என்ற பேரினத்தில் வைக்கிறார்கள். பருத்தி, வெண்டை, செம்பருத்தி எல்லாம் அடங்கிய மால்வேசி குடும்பம்தான் இதற்கும். அந்த வகையில் நம் ஊர்த் தரிசுகளில் மஞ்சள் பூவோடு நிற்கும் துத்திக்கு இது சொந்தம். இப்பேரினத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. பெரும்பாலானவை அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களிலும் மெக்சிகோவிலும் வளர்கின்றன. சில தென் அமெரிக்காவிலும் உள்ளன.

மொஹாவி, சொனோரன் பாலைவனங்களில் அதிகம் தென்படுவது ஸ்பெரால்சியா அம்பிகுவா. ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம் வளரும். கோடைக்கு முன்பே, கரட்டு நிலத்தில் வேறெதுவும் நிறம் காட்டாத இடத்தில், காவி கலந்த ஆரஞ்சு நிறத்தில் பூத்து நிற்கும். இலையும் தண்டும் சாம்பல் பூத்தாற்போலத் தெரியும். காரணம், அவற்றை மூடியிருக்கும் நட்சத்திர வடிவச் சுணை. வெயிலையும் வறட்சியையும் தாங்க அது செடிக்கு உதவுகிறது. தொட்ட கையால் கண்ணைக் கசக்கியவருக்கு எரிச்சலைத் தருகிறது. விதை எடுக்கப் போகிறவர்கள் கையுறை மாட்டிக்கொள்வது இதனால்தான்.

வடக்கே சமவெளிகளில் வளரும் ஸ்பெரால்சியா காக்சினியா இதைவிடக் குட்டையானது. 1806 ஜூலையில், பசிபிக் கரை வரை போய்த் திரும்பிக்கொண்டிருந்த அமெரிக்க ஆய்வுப் பயணி மெரிவெதர் லூயிஸ் இதன் மாதிரியைச் சேகரித்துக் காகிதத்தில் அழுத்தி வைத்தார். அந்த மண்ணின் மக்களுக்கோ இச்செடி புதிதல்ல. டகோட்டா மக்களில் ஹெயோகா எனப்படும் சடங்குக் கோமாளிகள் இதை மென்று கூழாக்கிக் கைகளில் பூசிக்கொண்டு, கொதிக்கும் பானைக்குள் கைவிட்டு இறைச்சித் துண்டை எடுத்துக் காட்டியதை, மக்களின் தாவரப் பயன்பாட்டை ஆராய்ந்த மெல்வின் கில்மோர் 1919இல் வெளியான தம் நூலில் பதிவுசெய்தார். வெண்டைக்காயில் உள்ளதைப் போன்ற வழவழப்பான பசை இந்தச் செடியிலும் உண்டு என்பதை நினைத்தால், அது வெறும் கண்கட்டு வித்தையாகத் தோன்றாது.

இதை நம்பிப் பிழைக்கும் உயிர்களும் உண்டு. டயடேசியா டிமினுட்டா என்ற சிறு தேனீ தன் குஞ்சுகளுக்குக் குளோப்மேலோவின் மகரந்தத்தையே பெரிதும் ஊட்டுகிறது. தரையில் வளை தோண்டி, அதன் வாயில் மண்ணாலேயே சின்னஞ்சிறு குழாய் ஒன்றைக் கட்டி வைக்கும். அழிவு அபாயத்தில் உள்ளதென 1990இல் சட்டப் பாதுகாப்புப் பெற்ற மொஹாவிப் பாலை ஆமை இதன் இலையையும் பூவையும் மேய்கிறது.

இப்பேரினத்தின் பரவலான இனங்கள் எவையும் அழியும் நிலையில் இல்லை. அப்படியிருக்க, பாடுபட்டு அவற்றின் விதையைச் சேர்ப்பானேன்? காரணம் தீ.

நெவாடா, யூட்டா, ஐடஹோ, ஆரிகன் மாநிலங்களில் பரந்து கிடக்கும் கிரேட் பேசின் பகுதியில், சீட்கிராஸ் என்னும் ஓராண்டுப் புல் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வந்து சேர்ந்தது. யூரேசியாவைச் சேர்ந்த புல் இது. மற்ற செடிகளுக்கு முன்பே காய்ந்து, கோடைத் தொடக்கத்திலேயே தரை முழுக்கச் சருகாகிவிடும். பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை எரிந்த நிலம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எரியத் தொடங்கியது. எரிந்த இடத்தில் முதலில் முளைப்பதும் அதே புல்தான். 1999 கோடையில் மட்டும் அங்கே சுமார் 17 லட்சம் ஏக்கர் எரிந்தது. மீண்டும் விதைக்கலாம் என்றால், அந்த மண்ணுக்குரிய செடிகளின் விதை போதிய அளவு சந்தையிலேயே இல்லை. கிடைத்த அயல்நாட்டுப் புல் விதையைத் தூவிப் பச்சை காட்டுவதே வழக்கமாக இருந்தது. மண்ணரிப்பைத் தடுக்க அது போதும், தேனீக்குப் போதாது.

இந்தக் குறையைப் போக்க அமெரிக்க நில மேலாண்மைத் துறை, லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் மில்லேனியம் விதை வங்கியோடு கைகோத்து 2001இல் ‘சீட்ஸ் ஆஃப் சக்சஸ்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. இதுவரை 20,000-க்கும் மேற்பட்ட விதைத் தொகுப்புகள் சேர்ந்துள்ளன. திட்டத்தின் விதிகள் எளிமையானவை, ஆனால் கறாரானவை. குறைந்தது 50 செடிகளிலிருந்து எடுக்க வேண்டும். அப்போதுதான் அந்தக் கூட்டத்தின் மரபு வேறுபாடு விதைப் பைக்குள் வரும். குறைந்தது 10,000 விதையாவது சேர வேண்டும். அன்றைக்கு முற்றிய விதையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. மிச்சம் மண்ணுக்கும் எறும்புக்கும் எலிக்கும். மூன்றாவது விதிதான் மற்ற இரண்டையும்விட முக்கியம் என்று சொல்லத் தோன்றுகிறது: பாதுகாப்பு என்ற பெயரில் நடக்கும் அள்ளலும் அள்ளல்தானே.

குளோப்மேலோவில் இந்த வேலை பொறுமையைச் சோதிக்கும். ஒரே தண்டில் உச்சியில் மொட்டும் நடுவில் பூவும் அடியில் முற்றிய காயும் ஒருசேர நிற்கும். அடிக்காய் உதிரும்வரை காத்திருந்தால் விதை போச்சு. முந்திப் பறித்தால் பிஞ்சு. ஆகவே ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டியிருக்கும். காய், உரித்த ஆரஞ்சுப் பழம்போலச் சுளை சுளையாக வட்டமாய் அடுக்கியிருக்கும். ஒவ்வொரு சுளையின் மேல்பாதியும் வழவழப்பானது, காய்ந்ததும் வாய் பிளக்கும். கீழ்ப்பாதி வலைப்பின்னல் போட்டது, விதையை விடாமல் பிடித்துக்கொள்ளும். உள்ளங்கையில் வைத்துக் கசக்கி ஊதினால் சிறுநீரக வடிவில் கருமை படர்ந்த பொடி விதைகள் மிஞ்சும்.

மிஞ்சியதெல்லாம் விதை என்று நம்பிவிடவும் முடியாது. கூன்வண்டுகள் காய்க்குள்ளேயே வளர்ந்து பருப்பைத் தின்றுவிடுவது உண்டு. அதனால் பறிக்கத் தொடங்குமுன் சில விதைகளைக் கத்தியால் இரண்டாக வெட்டி, உள்ளே வெள்ளையாகப் பருப்பு இருக்கிறதா, சொத்தையா என்று பார்க்கிறார்கள். பாதிக்கு மேல் சொத்தை என்றால் வேறு இடம் தேடுவதே மேல். பறித்ததைத் துணி அல்லது காகிதப் பையில்தான் போட வேண்டும். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். கூடவே அச்செடியின் ஒரு கிளையை அழுத்தி உலர்த்தி, இடம், நாள், மண், அண்டைச் செடிகள் பற்றிய குறிப்போடு உலர்தாவரக் காப்பகத்துக்கு அனுப்ப வேண்டும். இந்த உலர்மாதிரி வெறும் சம்பிரதாயம் அல்ல. குளோப்மேலோ இனங்களைப் பிரித்தறிவது தேர்ந்தவர்களுக்கே சிரமம். பெயர் தவறினால் பை முழுதும் வீண்.

ஆரிகன் மாநிலம் பெண்டில் உள்ள வனத்துறைக் கூடத்தில் விதைகள் சுத்தம் செய்யப்படுகின்றன. நெடுங்காலம் வைக்க வேண்டியவற்றை உலர்த்தி, மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் அளவுக் குளிரில் சேமிக்கிறார்கள். குளோப்மேலோ விதை இதற்கு நன்றாகவே உடன்படும். அதன் தோல் தண்ணீர் புகாத அளவுக்குக் கெட்டி. அந்தக் கெட்டித்தனமே விதைக்கும்போது இடைஞ்சலாகிவிடும்: தோலை உப்புத்தாளில் தேய்க்காமலும் கீறாமலும் போட்டால் பெரும்பகுதி முளைக்காது. பாலை மண்ணில் ஒரே மழைக்கு எல்லாம் முளைத்து அழிந்துவிடாமல் காப்பதும் அதே தோல்தான்.

காட்டில் பறித்த விதை நேரடியாக எரிந்த நிலத்துக்குப் போதாது. அதை வயலில் விதைத்துப் பெருக்க வேண்டும். ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் மால்யூர் ஆய்வுப் பண்ணையில் பல குளோப்மேலோ இனங்களைச் சொட்டுநீரில் பயிரிட்டுப் பார்த்தார்கள். தண்ணீர் கூட்டியதற்கு விளைச்சல் கூடவில்லை. துரு நோய் வேறு வந்தது. ஆனாலும் பயிராக வளர்க்க முடியும் என்பது உறுதியானது. அப்படி வளர்க்கும் உழவர்களும் அவர்களிடம் தொடர்ந்து வாங்கும் அரசுத் துறைகளும்தான் இன்னும் போதவில்லை. அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் குழு 2023இல் தந்த அறிக்கையும், மேற்கு மாநிலங்களின் நில மீட்புக்குத் தேவைப்படும் நாட்டுச் செடி விதைகளின் வரத்து தேவைக்கு எட்டாத தொலைவில் இருப்பதாகவே கூறியது.