காய்ச்சலும் பாய்ச்சலும்

காய்ச்சலும் பாய்ச்சலும் என்பது நெல் வயலில் இடைவிடாது நீரைத் தேக்கி வைக்காமல், கட்டிய நீர் வடிந்து மண் ஓரளவு காய்ந்த பின்னர் மீண்டும் நீர் பாய்ச்சும் பாசன முறையாகும். நீர்ச் சிக்கனத்துக்காகப் பரவலாக்கப்பட்ட இம்முறை, வயலில் இருந்து வெளியேறும் மெத்தேனையும் குறைக்கிறது. ஆயினும் மண்ணைக் காயவிடும்போது மற்றொரு பைங்குடில் வளிமமான (பசுமைக்குடில் வாயு) நைட்ரசு ஆக்சைடு கூடக்கூடும். எனவே வயலை எவ்வளவு காயவிடுவது என்பது இம்முறையில் முதன்மையான கேள்வியாகும்.

மெத்தேன் உருவாகும் விதம்

நீர் தேங்கிய மண்ணுள் காற்று எளிதில் புகுவதில்லை. எஞ்சிய ஆக்சிசனை வேர்களும் நுண்ணுயிர்களும் விரைவில் தீர்த்துவிடுகின்றன. அதன்பின் நைட்ரேட்டு, மாங்கனீசு, இரும்பு, சல்பேட்டு ஆகியன ஏறத்தாழ இவ்வரிசையில் ஒடுக்கமடைகின்றன. இவை பெரும்பாலும் தீர்ந்த பின்னரே, மெத்தேனாக்கும் ஆர்க்கியா நுண்ணுயிர்கள் வைக்கோல், தழையுரம், வேர்க்கசிவு முதலியவற்றின் சிதைவில் இருந்து மெத்தேனை மிகுதியாக உருவாக்குகின்றன. இதன் பெரும்பகுதி குமிழிகளாக அன்றி நெற்பயிரின் வழியாகவே வெளியேறுகிறது. வேருக்கு ஆக்சிசனைக் கொண்டு செல்லும் அதே காற்றறைத் திசு, மெத்தேனுக்குப் புகைபோக்கியாகிவிடுகிறது.

வயலை வடித்தால் ஆக்சிசன் மண்ணுள் புகுகிறது. ஒடுக்கமடைந்த இரும்பு மீண்டும் ஆக்சிசனேற்றம் அடைகிறது. மறுபடி நீர் கட்டினாலும் அந்த இரும்பு தீரும் வரை மெத்தேன் உற்பத்தி முன்போல் தொடங்குவதில்லை. ஆகவே சில நாட்காய்ச்சலின் பயன் அதற்குப் பின்னும் நீடிக்கிறது. காலநிலை மாற்றம் தொடர்பான பன்னாட்டு அரசுக் குழுவின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டியில், எப்போதும் நீர் தேங்கிய வயலின் மெத்தேன் அளவு 1 எனக் கொள்ளப்படுகிறது. பருவத்தில் ஒருமுறை வடித்தால் இது 0.71 ஆகவும், பலமுறை வடித்தால் 0.55 ஆகவும் குறையும்.

நைட்ரசு ஆக்சைடு

நீர் தேங்கிய வயலில் நைட்ரேட்டு அதிகம் உருவாவதில்லை. உருவாகும் சிறிதளவும் பெரும்பாலும் தீங்கற்ற நைட்ரசன் வளிமமாக மாறிவிடுகிறது. அரைகுறை ஈரத்தில் இம்மாற்றம் இடையிலேயே நின்று நைட்ரசு ஆக்சைடு வெளியேறுகிறது. நூறாண்டுக் கணக்கில் மெத்தேனின் வெப்பமாக்கும் திறன் கார்பன் டை ஆக்சைடைப் போல் ஏறத்தாழ 27 மடங்கு. நைட்ரசு ஆக்சைடுக்கோ 273 மடங்கு. மெத்தேன் வளிமண்டலத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் அளவே தங்குகிறது, மற்றது நூறாண்டுக்கும் மேல் தங்குகிறது. தென்னிந்திய வயல்களில் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஓர் ஆய்வு, கடுமையாகக் காயவிட்ட சில வயல்களில் எக்டேருக்கு ஒரு பருவத்தில் 33 கிலோகிராம் வரை நைட்ரசு ஆக்சைடு வெளியேறியதாகக் கண்டது. மெத்தேன் அளவை மட்டும் பார்த்து ஒரு வயலை மதிப்பிடுவது பிழையாகலாம் என்பதற்கு இது சான்று. ஆனால் எல்லா வயல்களுக்கும் இந்த அளவைப் பொருத்துவது சரியன்று. மிதமாகக் காயவிடும் வயல்களில் மெத்தேன் குறைவதால் வரும் பயனே பொதுவாக மிகுதி.

கடைப்பிடிக்கும் முறை

பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் பரிந்துரைக்கும் முறையில், துளையிட்ட நெகிழிக் குழாயோ மூங்கிலோ வயலில் பதிக்கப்படுகிறது. குழாயினுள் நீர்மட்டம் மண்பரப்புக்குக் கீழே 15 செ.மீ. வரை இறங்கியதும் ஏறத்தாழ 5 செ.மீ. உயரத்துக்கு நீர் கட்டப்படுகிறது. இந்த ஆழம் வரை வேர்களுக்கு நீர் கிடைப்பதால் விளைச்சல் பொதுவாகக் குறைவதில்லை. பூக்கும் பருவத்தில் காயவிடலாகாது. களை மிகுந்த வயல்களில், நட்ட முதல் இரு வாரங்களும் நீர் நிற்க வேண்டும். யூரியாவை நீர் பாய்ச்சுவதற்குச் சற்று முன் இடுவது நல்லது; உரமிட்டபின் உடனே காயவிடுவது நைட்ரசன் இழப்புக்கு வழிவகுக்கும்.

பரவலும் தடைகளும்

சப்பானில் நடுப்பருவ வடிப்பு நெடுங்காலமாக வழக்கில் உள்ளது. சீனாவில் இது 1980களில் இருந்து பரவலானது. தமிழ்நாட்டில் திருந்திய நெல் சாகுபடியின் ஒரு கூறாகக் காய்ச்சலும் பாய்ச்சலும் பரிந்துரைக்கப்படுகிறது. எண்ணெய் வாங்கி நீர் இறைப்பவருக்கு இதனால் செலவு குறையும். இலவச மின்சாரமோ வாய்க்கால் நீரோ பெறுபவருக்கு அந்தத் தூண்டுதல் இல்லை. அடுத்த முறைநீர் எப்போது வரும் என்று தெரியாத கடைமடை உழவர், கிடைத்த நீரை வடியவிடத் தயங்குவதும் இயல்பே. தாழ்ந்த களிமண் நிலங்களில் மழைக்காலத்தில் வயலைக் காயவிடுவது பெரும்பாலும் இயலாது.