பாரம் சுமந்த இடுப்பு: பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரை

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸும், அதற்கு மேற்கே கிள்ளான் ஆற்றங்கரையிலுள்ள கிள்ளான் நகரமும் கூலிகளின் முதுகை நம்பி வளர்ந்த ஊர்கள். 1881ஆம் ஆண்டில் முதலில் தீயும் பின்னர் வெள்ளமும் மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் ஆன கோலாலம்பூரை அழித்தபின், செங்கல்லும் ஓடும் கொண்டே வீடு எழுப்பவேண்டும் எனச் சிலாங்கூர் ரெசிடெண்டாக இருந்த பிராங்க் சுவெட்டன்ஹாம் வற்புறுத்த, ஊருக்குத் தெற்கே செங்கற்சூளைகள் பெருகின; பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரே அவற்றால் வந்தது. 1886இல் கிள்ளான் பக்கமாக ரயில் ஓடத் தொடங்கியதும், தண்டவாளம் போட்ட தமிழகத் தொழிலாளரும், எழுதுகோல் பிடித்த யாழ்ப்பாணத் தமிழரும் சூளைகளை அடுத்த ரயில்வே குவாட்டர்ஸில் குடியேறினர். இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் போர்ட் சுவெட்டன்ஹாம் 1901இல் திறக்கப்பட்டபின், மூட்டை சுமக்கும் வேலை கரையோரத்துக்கும் பரவியது.

அக்காலத்தில் கிள்ளானின் அரசு மருத்துவராக இருந்த மால்கம் வாட்சனுக்கு உலகப் புகழ் தேடித் தந்தது மலேரியா ஒழிப்பு. கூலியைக் கிடையில் தள்ளிய காய்ச்சலைக் கவனித்த நிருவாகம், குனிந்த நிலையிலேனும் வேலைக்கு வந்தவனின் இடுப்பைக் கவனிக்க அவசரப்படவில்லை. அந்த வலி 'வாயுப் பிடிப்பு' என்ற பெயரில் தைலத்துக்கும் உருவுதலுக்கும் விடப்பட்டது. சித்த மருத்துவம் இவ்வாறு தட்டியும் பிடித்தும் அழுத்தியும் செய்யும் சிகிச்சையைத் தொக்கணம் என்று வகைப்படுத்துகிறது.

மேலை மருத்துவத்தில் வலிக்கான விடை வேறு திசையில் சென்றது. நோயாளியைப் பலகையில் கிடத்தி, மேலும் கீழும் கயிறு கட்டி முறுக்கி இழுக்கும் முறை ஹிப்போகிரட்டஸின் பெயரால் அறியப்படும் பழைய நூல்களிலேயே உண்டு. முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதால் வலி காலுக்கு இறங்கலாம் என்று 1934இல் மிக்ஸ்டர், பார் என்ற அறுவை மருத்துவர்கள் விளக்கியபின், எலும்புகளைச் சற்றே விலக்கினால் வட்டு உள்வாங்கும் என்ற நம்பிக்கை வலுப்பெற்றது. இழுவை சிகிச்சை எனப்படுவது இதுதான். ஆனால் படுத்திருப்பவரின் உடலுக்கும் மெத்தைக்கும் இடையிலான உராய்வைக் கடக்கவே உடல் எடையில் ஏறத்தாழ கால் பங்கு விசை தேவைப்படுவதால், கட்டிலின் கால்மாட்டில் சிறு எடைகளைத் தொங்கவிட்ட வார்டுகளில் நோயாளிக்குக் கிடைத்தது பெரும்பாலும் கட்டாய ஓய்வுதான்.

அணியும் இழுவைக் கருவி அந்தக் கட்டிலை உடலோடு கட்டிக்கொள்ளும் முயற்சி. ஒரு பட்டை விலா எலும்புக் கூட்டின் அடிப்பகுதியைப் பற்ற, மற்றொன்று இடுப்பெலும்பின் விளிம்பில் அமர, இரண்டுக்கும் நடுவே உள்ள திருகுத் தண்டுகளோ காற்றடைத்தால் நீளும் குழாய்களோ அவற்றை எதிரெதிராகத் தள்ளுகின்றன. மேலுடலின் எடையில் ஒரு பகுதி முதுகெலும்பைத் தவிர்த்து நேரே இடுப்புக்கு இறங்குவதால், அணிந்தவர் நடக்கவும் முடிகிறது. எண்ணம் நுட்பமானதே, பலன் ஐயத்துக்குரியது: 32 ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு, பல்வகை இழுவை முறைகளால் இடுப்பு வலி குறைவதிலோ வேலைக்குத் திரும்புவதிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்ற முடிவுக்கே வந்தது.

பிரிக்பீல்ட்ஸிலோ கருவிக்கு முன்பே கை ஒரு தொழிலாகிவிட்டது. 1951இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இங்கே நிலைகொண்டு, தனது கர்னி பயிற்சி மையத்தில் கற்பித்த தொழில்களில் மசாஜும் ஒன்று. நாளடைவில், துன் சம்பந்தன் சாலையையும் அதன் கிளைத் தெருக்களையும் ஒட்டிப் பார்வையற்றோரின் மசாஜ் நிலையங்கள் தோன்றின. இவற்றின் நிலைபேற்றை மருத்துவ வெற்றியாகக் கொள்வதைவிட, வேலைவாய்ப்பு அரிதான ஒரு சமூகம் தன் விரலுணர்வைப் பிழைப்பாக்கிய வரலாறாகக் கொள்வதே பொருந்தும்.

1973இல் கிள்ளான் துறைமுகத்தில் கொள்கலன் முனையம் வந்ததும் மூட்டைகள் பாரந்தூக்கிகளுக்குப் போயின. வலியோ லாரி ஓட்டுநரின் இருக்கைக்கும் அலுவலக நாற்காலிக்கும் இடம்பெயர்ந்தது. இன்று மலேசியாவில் இழுவைப் பெல்ட்டு போன்றவை 2012ஆம் ஆண்டு மருத்துவக் கருவிச் சட்டத்துக்கும், இந்திய மருத்துவமும் எலும்பு நெட்டி எடுக்கும் கைரோபிராக்டிக்கும் 2016ஆம் ஆண்டு மரபுவழி, துணைநிலை மருத்துவச் சட்டத்துக்கும் உட்பட்டவை.