சுவரில் தொங்கும் நம்ம சரித்திரம்



சேமிப்பு, கடன், தொழில் பற்றி இந்த மலரில் பலரும் எழுதுவார்கள். நான் நம்ம வீட்டுச் சுவரில் தொங்குகிற பழைய போட்டோக்களைப் பற்றி எழுதுகிறேன். அதுவும் ஒரு சேமிப்புதான்.

நம்ம அடி அண்ணாமலை இருக்கிற அதே கிரிவலப் பாதையில்தான் ரமணாசிரமமும் இருக்கிறது. கோவணம் தவிர வேறு சொத்து இல்லாதவர் ரமண மகரிஷி. ஆனால் 1946-இல் வெல்லிங் என்ற போட்டோகிராபர் எடுத்த அவருடைய முகம் இன்று உலகம் முழுக்கத் தெரியும். 1950 ஏப்ரல் 14-இல் அவர் மறைந்தபோது, பிரான்ஸ் நாட்டின் பெயர்பெற்ற போட்டோகிராபர் கார்த்தியே பிரெஸ்ஸோன் திருவண்ணாமலையில் இருந்தார். அந்தப் படங்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. அதே காலத்தில் இங்கே நாற்று நட்ட, மல்லாட்டை உரித்த நம்ம பாட்டிகளின் முகம் எங்கே?

அப்போது வீட்டில் கேமரா ஏது? ஸ்டுடியோவுக்குத்தான் போகணும். "போட்டோ எடுத்தா ஆயுசு குறையும்" என்று பயந்தவர்களும் உண்டு. கல்யாணமான புதுசில் ஜோடியாக ஒன்று. பூத்தைத்த சடை பின்னால் கண்ணாடியில் தெரிகிற மாதிரி ஒன்று. சில பெண்களுக்கு அதுகூட இல்லை. செத்த பிறகு நாற்காலியில் உட்காரவைத்து, சொந்தக்காரர்கள் சுற்றி நின்று எடுத்ததுதான் ஒரே படம்.

நிலப்பட்டா தாத்தா பேரில் இருக்கும். பாட்டி வாழ்ந்ததற்குப் பல வீடுகளில் அந்தப் படம்தான் சாட்சி.

இதன் மதிப்பு தெரிந்துதான் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, 1880 முதல் 1980 வரை தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களில் எடுத்த படங்களைத் தேடி, ஸ்கேன் செய்து சேர்த்தது. சாதாரணக் குடும்பங்களின் படங்கள்தான் அவை. நாம வீடு இடிச்சுக் கட்டும்போது குப்பையில் போடுகிறோமே, அதே மாதிரிப் படங்கள்.

படம் இருந்தால் மட்டும் போதாது, பேரும் வேணும். எங்கள் வீட்டில் ஒரு படம் இருக்கிறது. மூன்று பெண்கள், நடுவில் என் மாமியார். மற்ற இரண்டு பேர் யாரென்று சொல்ல இன்று ஆள் இல்லை.

செலவில்லாமல் நாமே செய்யக்கூடியவை:

கண்ணாடியில் ஒட்டிப்போன படத்தைப் பிய்க்காதீர்கள். அப்படியே வைத்து, பகல் வெளிச்சத்தில், நிழலில், ஃபிளாஷ் போடாமல் செல்போனில் எடுங்கள். லேமினேஷன் வேண்டாம், பிறகு பிரிக்க முடியாது. ஓதம் ஏறும் சுவரில் மாட்டாதீர்கள். குங்குமம், சந்தனம் கண்ணாடிமேல் மட்டும் இருக்கட்டும். ஃபிரேம் இல்லாத படத்தின் பின்னால் பேனா வேண்டாம், பென்சிலால் மெதுவாகப் பேர் எழுதுங்கள். 1970, 80-களின் கலர் படங்களை முதலில் பாருங்கள். கருப்பு வெள்ளையைவிட அவைதான் சீக்கிரம் வெளிறும்.

தமிழ்நாட்டில் மகளிர் குழுக்கள் 1989-இல் தருமபுரியில் தொடங்கின. நம்ம குழுக்களின் ஆரம்பகாலப் படங்களும் இப்போது பழைய படங்கள்தான். தீர்மான நோட்டோடு அவற்றையும் வைத்துக் காப்பாற்றணும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஆளுக்கு ஒரு படம் கொண்டு வாங்க. வீட்டில் வயசான அம்மாவோ அத்தையோ இருந்தால் கூட்டிக்கொண்டு வாங்க. யார், யாருக்கு என்ன முறை, எந்த வருஷம் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதுவோம். சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டுக்கொள்வோம்.